மூன்று கை ஆற்றுத் தண்ணீர்

அந்தப் பாட்டிலை நான் ஒருநாளும் வெறும் பாட்டிலாக நினைத்ததில்லை. தடித்த கண்ணாடி, மூடியும் கண்ணாடி. ஆவியில் வேகவைத்து, மூடியின் மேல் பழுப்புக் காகிதத்தைக் கவிழ்த்து நூலால் கட்டி, மெட்ராஸிலிருந்து மரப்பெட்டியில் வரும். காகிதத்தைப் பிரிக்கிற வரைக்கும் உள்ளே ஒரு தூசி கிடையாது என்பார் எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர். அபிஷேகச் செம்பைக்கூட நாம் இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறோமா என்று எனக்குத் தோன்றும்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். தர்மபுரி தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு சுகாதார ஆபீசில் கடைநிலை உத்தியோகம் கிடைத்தது. கிணறுகளுக்கு பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுவேன். ஊசி போடப் போகும் நர்ஸம்மாவுக்குப் பெட்டி தூக்குவேன். அதோடு ஆற்றுத் தண்ணீர் மாதிரி எடுக்கிற வேலையும் என்னிடம் வந்தது. ஒகேனக்கல்லுக்குப் போய் காவேரியிலிருந்து தண்ணீர் எடுத்து, ஐஸ் வைத்த பெட்டியில் அடுக்கி, பஸ் பிடித்து தர்மபுரி வந்து, அங்கிருந்து மொரப்பூர் போய் மெட்ராஸ் ரயிலில் பார்சல் போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா கூடாதா என்று அங்கே பார்த்து எழுதி அனுப்புவார்கள்.

தண்ணீர் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும். பாட்டிலை அடிப்பக்கம் பிடிக்க வேண்டும். கழுத்தில் விரல் படக்கூடாது. மூடியைக் காகிதத்தோடு சேர்த்துக் கழற்றி, கீழே வைக்காமல் இடது கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்தபடியே முழங்கை முங்குகிற ஆழத்துக்கு இறக்கி, அங்கே மெதுவாகத் திருப்பி, தண்ணீர் வருகிற திசைக்கு வாயைக் காட்ட வேண்டும். மேலே மிதக்கிற தண்ணீரும் வேண்டாம், அடியில் கிளம்புகிற மண்ணும் வேண்டாம். முக்கியமாக, நம் கையைத் தொட்டுவிட்டு வருகிற தண்ணீர் உள்ளே போகக்கூடாது.

ஆற்றில் கால் வைக்கும் முன்னால் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது எங்கள் வழக்கம். முதல் தடவை கையைக் கழுவிக்கொண்டு வந்து, பழக்கத்தில் குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டர் மறுபடியும் கழுவிக்கொண்டு வரச் சொன்னார். கழுவிவிட்டு வந்து மறுபடியும் கும்பிட்டேன். அவர் நல்ல மனுஷர், கோபப்படவில்லை. கும்பிடுகிறதை முதலில் முடித்துக்கொள்ளப்பா, கழுவுகிறது அதுக்கப்புறம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஒரு பாறையில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து அதுதான் என் முறை.

பஸ்ஸில் வருகிற பாடுதான் பெரும்பாடு. ஐஸ் உருகிப் பெட்டியின் மூலையில் சொட்டும். ஒகேனக்கல் பஸ்ஸில் ஐஸ் சொட்டுகிற பெட்டி என்றால் அது மீன் பெட்டி என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. நான் கழுத்தில் துளசிமணி போட்டு, நெற்றியில் நாமம் வைத்து உட்கார்ந்திருப்பேன். பக்கத்துச் சீட்டுக்காரர் என் நெற்றியையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"என்ன மீனுங்க, வாளையா?"

"மீன் இல்லீங்க. தண்ணிங்க."

"தண்ணியா? காவேரியையா ஐஸு போட்டு எடுத்துட்டுப் போறீங்க?"

அப்புறம் பென்னாகரம் வரைக்கும் அவர் சந்தேகம் தீராது. இறங்குகிறபோது மூக்கால் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

என் மாமியார் வீடு அந்தப் பென்னாகரத்துக்குப் பக்கத்தில்தான். மாமனார் இல்லை. மாமியார் தனியாகக் கொஞ்சம் காட்டில் ராகியும் அவரையும் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளாட்டை வைத்துக்கொண்டு இருந்தார். எங்கள் பக்கம் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசமாட்டார். மரியாதை அப்படி. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம் சொல்வார். மகள் இல்லாவிட்டால் கதவு மறைவில் நின்றுகொண்டு பொதுவாகச் சொல்வார். என் மாமியார் வாசலில் கட்டியிருந்த ஆட்டிடம் சொல்வார்.

தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புகிற வழியில் சில நாள் அங்கே இறங்கி ஒரு வாய் மோர் குடித்துவிட்டு அடுத்த பஸ் பிடிப்பேன். ஒருநாள் பெட்டியை நிழலில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மாமியார் ஆட்டுக்குத் தழையைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"ஏ ஆடு, ஊருல திருடனைப் புடிச்சு ஜெயில்ல போடறதப் பாத்திருக்கோம். நம்ம மாப்ள காவேரியைப் புடிச்சு சீசாவுல போடறாரு. அவ யாரு வூட்டுல என்னத்தத் திருடுனா, கேட்டுச் சொல்லு."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நானும் ஆட்டைப் பார்த்தே சொன்னேன், அவள் ஒன்றும் திருடவில்லை, உடம்பு எப்படி இருக்கிறதென்று டாக்டரிடம் காட்டத்தான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு மோர் கெட்டியாக வந்தது.

கல்யாணமாகிச் சில வருஷம் எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. முதலாவது கொஞ்ச நாளிலேயே கலைந்துவிட்டது. இரண்டாவது முழு மாசம் இருந்து, பிறந்தபோது அழவில்லை. அந்தக் குழந்தையை நான்தான் கையில் வாங்கிக்கொண்டு போனேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. என் மனைவி அதற்கப்புறம் வெகுநாள் தலையில் பூ வைக்காமல் இருந்தாள். பெருமாளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. தினமும் விளக்கேற்றி முன்னால் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான்.

மாமியார் கேட்டிருக்கிறார். அவர் கேட்டது காவேரியிடம். மூன்றாவது தங்கினால், ஆடிப் பதினெட்டன்று என் மகளைக் கொண்டுவந்து உன் தண்ணீரில் நிற்கவைத்து, மூன்று கை பச்சைத் தண்ணீர் குடிக்கவைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்.

ஆடியில் காவேரியும் மாசமாக இருக்கிறாள் என்பது எங்களுடைய நம்பிக்கை. புது வெள்ளம் வந்து வயிறு கனத்து அவள் போகிறாள். அவளுடைய மசக்கைக்குத்தான் தேங்காய்ச் சோறும் புளிச்சோறும் எலுமிச்சஞ்சோறும் கிண்டிக்கொண்டு போய்ப் படைக்கிறோம். மாசமாக இருக்கிற ஒருத்தி, மாசமாக இருக்கிற இன்னொருத்தியின் கையால் வாங்கிக் குடிப்பது மாதிரி ஒரு வேண்டுதல் அது. கேட்டபோது எனக்கே கண் கலங்கியது.

மூன்றாவதும் வந்தது. ஐந்து மாதம் தாண்டி வயிறு தெரிய ஆரம்பித்தபோது ஆடி மாதம் பிறந்தது.

அதற்கு முந்தின வருஷம் ஆடியில் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் வாந்திபேதி என்று தகவல் வந்து, இன்ஸ்பெக்டரும் நானும் நர்ஸம்மாவும் போனோம். அங்கே ஒரு சின்னப் பெண், மாசமாக இருந்தவள், பாயில் சுருண்டு கிடந்தாள். அவள் வீட்டுக்காரன் பித்தளைச் சொம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவள் கேட்கக் கேட்க வாயில் ஊற்றிக்கொண்டிருந்தான். ஆற்றுத் தண்ணீர்தான். அவனுக்குத் தெரிந்த மருந்து அதுதான். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை. அந்தத் துறையில் தண்ணீர் எடுத்து அனுப்பினவன் நான்தான். காய்ச்சாமல் குடிக்கக்கூடாது என்று பதில் வந்தது. புது வெள்ளத்தில் எப்போதுமே அப்படித்தான் பதில் வரும். மலையில், காட்டில், ஊரில் சேர்ந்த அசிங்கத்தையெல்லாம் முதல் வெள்ளம் வாரிக்கொண்டு வருகிறது என்று இன்ஸ்பெக்டர் சொல்வார்.

ஆகவே ஆடி பிறந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டுதலைச் செய்யாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. நானே தினமும் சாமி கும்பிடுகிறவன். செய் என்று சொல்லவும் முடியாது. அந்தப் பித்தளைச் சொம்பு கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஒருநாள் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து மனைவியிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் குடித்தால் என்ன என்று கேட்டேன். ராகிக் களி கிளறிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"நம்ம அழுக்கையெல்லாம் வாங்கிக்கிறவ அவ. அவளுக்கே அழுக்குன்னு சொல்றீங்களா?"

"அழுக்கு அவளுது இல்ல புள்ள. நம்மளுது. நாம போட்டதுதான் திரும்பி வருது."

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"எங்கம்மா பச்சைத் தண்ணின்னு சொல்லித்தாங்க வேண்டிக்கிட்டிருக்குது. அடுப்புல ஏத்திட்டா அது பச்சைத் தண்ணியா? சொன்னது ஒண்ணு, செஞ்சது ஒண்ணுன்னு ஆயிட்டா? இதுவும் போயிடுச்சுன்னா, அதனாலதான் போச்சுன்னு சாவுற வரைக்கும் நெனச்சுக்கிட்டு இருப்பேன். நீங்க சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்?"

கிளறாமல் விட்ட களி அடிப்பிடித்து வாசம் வந்தது. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

வேண்டிக்கொண்டது மாமியார். மாற்றுவதென்றாலும் அவர்தான் மாற்ற வேண்டும். அடுத்த தடவை தண்ணீர் எடுக்கப் போனபோது காலிப் பெட்டியோடு அங்கே இறங்கினேன். ஆடு வாசலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. மாமியார் அவரைக்காய் உரித்துக்கொண்டு உள்ளே இருந்தார். நான் ஆட்டைப் பார்த்துப் பேசினேன். விளையாட்டுக்கு இல்லை. அவரைப் பார்த்துப் பேச முடியாததால்தான். முந்தின வருஷம் நான் பார்த்ததை, அந்தப் பெண்ணை, அந்தச் சொம்பை எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரைக்கும் என் மனைவியிடம்கூடச் சொல்லாததை ஒரு ஆட்டிடம் சொன்னேன்.

உள்ளே அவரைக்காய் உரிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

கடைசியில் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார், இந்தத் தடவை ஆட்டைக் கூப்பிடாமல்.

"வேண்டுனது நான். மாத்துறதுக்கு நான் யாரு? அவளத்தான் கேக்கணும். பூ வெச்சுக் கேப்போம்."

பூ வைத்துக் கேட்பது எங்கள் ஊர்களில் எல்லாக் காரியத்துக்கும் உண்டு. வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் சுற்றி, எது எதுவென்று தெரியாதபடி ஒரே மாதிரி பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் சாமி சரி என்று உத்தரவு கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் உத்தரவு இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது. அப்படியே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். நாங்கள் கேட்க வேண்டியது இதுதான்: தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கலாமா? வெள்ளை வந்தால் காய்ச்சலாம். சிவப்பு வந்தால் வேண்டினபடி பச்சைத் தண்ணீர்.

நானும் ஒப்புக்கொண்டேன். என் மனைவியும் ஒப்புக்கொண்டாள். அவளுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, பாரம் தன் தலையிலிருந்து இறங்கிவிட்டதே என்று. எனக்கு ஆறுதல் இல்லை. சிவப்பு வந்தால் என்ன செய்வேன்? கையைப் பிடித்துத் தடுப்பேனா, பார்த்துக்கொண்டு நிற்பேனா? தெரியவில்லை. பெருமாளே, வெள்ளையைக் கொடு என்று மட்டும் தினமும் கேட்டேன். ரொம்ப நாளுக்கப்புறம் அவரிடம் நான் வாய்விட்டுக் கேட்டது அதுதான்.

ஆடிப் பதினெட்டன்று எனக்கு ஒகேனக்கல்லில்தான் வேலை. கூட்டம் கூடுகிற நாள் என்பதால் குளிக்கிற துறைக்கு மேலேயும் கீழேயும் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று உத்தரவு. இன்ஸ்பெக்டர் பஸ் நிற்கிற இடத்தில் மேஜை போட்டு, வருகிறவர்களுக்குக் காலரா ஊசி போட ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். ஊசியைக் கண்டு கூட்டம் வேலியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியும். முதலில் உன் காரியத்தைப் பார்த்துவிட்டு வா, தண்ணீர் எங்கேயும் போய்விடாது என்று அனுப்பிவிட்டார்.

காவேரி செம்மண் கரைத்த மாதிரி போய்க்கொண்டிருந்தது. அருவிக்குக் கிட்டே போனால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. கரையெல்லாம் பொம்பளைகள் தேங்காயும் காதோலையும் கருகமணியும் மஞ்சள் கயிறுமாக நின்றார்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம், மீன் வறுக்கிறவர்கள் ஒரு பக்கம். என் மாமியார் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னே போனார். தலையில் கூடை. கூடையில் மூன்று விதச் சோறு, புது மண்பானை ஒன்று, சின்னக் கட்டு விறகு.

பானையும் விறகும் எதற்கு என்று என் மனைவி கேட்டாள். வெள்ளை வந்தால் தேவைப்படுமே என்றார் அவர். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. முன்யோசனைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

துறைக்குச் சற்று மேலே மரத்தடியில் ஒரு சின்னக் காவேரி அம்மன் இருந்தாள். மாமியார் மடியிலிருந்து இரண்டு பொட்டலங்களை எடுத்தார். வாழையிலைத் துண்டில் சுற்றி, தன் பழைய சேலையின் கத்திரிப்பூ நிறக் கரையைக் கிழித்து அந்த நாடாவால் கட்டியிருந்தார். விடியற்காலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, யாரும் பார்க்காமல் கட்டியது. கட்டுகிறபோது யாரும் பார்க்கக்கூடாது என்பது அதற்கான முறை. வெள்ளைக்கு நந்தியாவட்டை, சிவப்புக்குச் செவ்வரளி என்று பூசாரியிடம் சொன்னார். பூசாரி அவற்றை வாங்கி அம்மன் காலடியில் போட்டுக் கலைத்து வைத்துக் கற்பூரம் காட்டினார்.

வழக்கமாக ஒரு சின்னக் குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். பூசாரி சுற்றும்முற்றும் பார்த்தார். மாமியார் வேண்டாம் என்றார்.

"என் மவளே எடுக்கட்டும். வயித்துக்குள்ள இருக்குதே, அது எடுத்த மாதிரி இருக்கும்."

என் மனைவி வயிற்றில் இடது கையை வைத்துக்கொண்டு, வலது கையை நீட்டினாள். ஒன்றைத் தொட்டு விட்டுவிட்டாள். மற்றதை எடுத்தாள். பூசாரி நாடாவை அவிழ்த்தார்.

நந்தியாவட்டை. வாடாமல், ஈரத்தோடு, பால் மாதிரி இருந்தது.

என் மனைவி அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். மாமியார் எடுக்காத பொட்டலத்தை அம்மன் காலடியிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அப்புறம் மரத்தைப் பார்த்து, உத்தரவு குடுத்துட்டா, அழுதுகிட்டு நின்னா ஆவுமா, அடுப்பைப் பத்த வையுங்க என்றார். மரத்திடம் சொன்னது எனக்குத்தான் என்று புரிந்து கல் தேடப் போனேன்.

மூன்று கல் கூட்டி, பானைக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்தோம். துறைக்கு மேலே போய்ப் பாறை ஓரத்தில் நான்தான் தண்ணீர் மொண்டு வந்தேன். துணியில் வடிகட்டி ஊற்றினோம். நுரைத்துக் கொதித்துப் பானை வாயில் வழிந்தபோது, பொங்கல் பொங்குகிற மாதிரியே இருந்தது. பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பத்துக்காரர்கள், என்ன பொங்கல் வைக்கிறீர்கள், அரிசியே காணோமே என்று கேட்டார்கள். மாமியார், எங்க வூட்டு அரிசி இன்னும் வெளையலை, கார்த்திகையில வெளையும் என்று மகளின் வயிற்றைப் பார்த்துச் சொன்னார். அவர்கள் புரிந்துகொண்டு சிரித்தார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா ஒருத்தர் எழுந்து வந்து என் மனைவிக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்.

தண்ணீர் ஆறுகிற வரைக்கும் காத்திருந்தோம். படியோரத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் அவளை நிற்கவைத்து, நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் சொம்பிலிருந்து ஊற்ற, அவள் கையை ஏந்தி வாங்கி மூன்று கை குடித்தாள். ஒவ்வொரு கைக்கும் ஆற்றைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். மூன்றாவது கை குடித்துவிட்டு ஈரக் கையை வயிற்றில் தடவிக்கொண்டாள். அந்த முகத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அவள் தலையில் அன்றைக்குப் பூ இருந்தது.

அவர்களை மரத்தடியில் சாப்பிட உட்காரவைத்துவிட்டு நான் என் வேலைக்குப் போனேன்.

மேலே எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டு, துறைக்குக் கீழே வந்தேன். அங்கே பாறை ஒன்று ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். மேலே விடுகிற பூவும் ஓலையும் வாழைப்பட்டை விளக்கும் எல்லாம் ஓரமாகச் சுழித்துக்கொண்டு அந்தப் பாறையடிக்குத்தான் வரும். கும்பிட்டேன், கையைக் கழுவினேன், காகிதத்தோடு மூடியைக் கழற்றி இடது கையில் வைத்துக்கொண்டு குனிந்தேன். பாட்டிலை இறக்கப் போன நேரத்தில், வரிசையாக வந்த சாமந்திப் பூக்களுக்கு நடுவில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு நாடா தெரிந்தது.

நான் இந்தப் பக்கம் வந்த பிறகு மாமியார் ஆற்றில் விட்ட பொட்டலம். தண்ணீர் அலைத்ததில் இலை பிரிந்து, முடிச்சு நழுவி, நாடா வால் மாதிரி பின்னால் வந்துகொண்டிருந்தது. என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து சுழன்றது. பிரிந்த இலையின் மேல் பூ உட்கார்ந்திருந்தது.

அதுவும் நந்தியாவட்டை.

பாட்டிலைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். விறகும் பானையும் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. விடியற்காலையில், தலை ஈரம் சொட்ட, யாருமில்லாத வீட்டில் அந்த அம்மாள் இரண்டு வெள்ளைப் பூவை எடுத்து வைத்துக் கட்டியிருக்கிறார். ஆடிக்கு ஆடி காவேரிக்குச் சோறு படைக்கிறவர். சாமிக்குச் சொன்ன சொல் தவறினால் குலம் விளங்காது என்று நம்புகிறவர். மகளுக்கு மனசு உறுத்தக்கூடாது, மருமகனுக்குப் பயம் இருக்கக்கூடாது என்று அந்தப் பாவம் முழுவதையும் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

பின்னால் இன்ஸ்பெக்டர் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. ஏன்பா சிலை மாதிரி நிற்கிறே என்று கேட்டார்.

"தண்ணி தெளியட்டும்னு நிக்கிறேனுங்க."

"ஆடி மாசத்துல காவேரி தெளியறதுக்கா? தை வரைக்கும் நிப்பியா?"

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மற்ற நாளில் என்றால் மிதந்து வருகிறதையெல்லாம் ஒரு குச்சியால் ஒதுக்கிவிட்டு எடுத்துவிடுவேன். அன்றைக்கு அந்தப் பூவை ஒதுக்க மனசு வரவில்லை. அது இரண்டு சுற்றுச் சுற்றி, இலையை விட்டு இறங்கி, பாறையைத் தாண்டித் தானாகவே போகிற வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம் பாட்டிலை இறக்கி, திருப்பி, அது வந்த திசைக்கு வாயைக் காட்டினேன்.

மெட்ராஸிலிருந்து எப்போதும் வருகிற பதில்தான் அந்தத் தண்ணீருக்கும் வந்தது.

நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து மாமியார் ஒருபொழுது இருக்க ஆரம்பித்தார். பகலில் ஒரு வேளை மட்டும் சாப்பாடு. மற்ற நேரம் தண்ணீர், மோர். காட்டு வேலையும் செய்துகொண்டு அப்படி இருந்தார். குழந்தை நல்லபடி பிறக்க வேண்டும் என்று விரதம் இருக்கிறார் என்று ஊரில் சொன்னார்கள். என் மனைவி வேண்டாம் என்று சண்டை போட்டாள். அவர் கேட்கவில்லை. உடம்பு இளைத்துக் கழுத்தெலும்பு தெரிந்தது. அது வேண்டுதல் இல்லை, மன்னிப்பு என்பது எனக்கு மட்டும் தெரியும்.

நான் என்ன செய்வது? எனக்குத் தெரியும் என்று சொன்னால் அவர் கூசிப்போவார். சும்மா பார்த்துக்கொண்டிருக்கவும் முடியவில்லை. ஆகவே நானும் ஒருபொழுது இருக்க ஆரம்பித்தேன். உங்களுக்கு என்ன வந்தது என்று என் மனைவி கேட்டாள். உனக்காகத்தான் என்றேன். அதுவும் பொய் இல்லை. மாமியார் வீட்டுக்குப் போகிறபோது மோர் மட்டும் போதும் என்று ஆட்டிடம் சொல்லுவேன். முதல் தடவை அப்படிச் சொன்னபோது கதவிடுக்கு வழியாக அவர் என்னை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அப்புறம் மோர் வந்தது. கேள்வி ஒன்றும் வரவில்லை.

கார்த்திகையில் ஒரு மழை நாளில் தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வராந்தாவில் ஒரு மூலையில் நான் நின்றேன், எதிர் மூலையில் மாமியார் நின்றார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. சின்னச் சத்தம் இல்லை, ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி. அந்தச் சத்தத்தைக் கேட்கத்தானே இத்தனை வருஷம் இருந்தோம். மாமியார் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, தெற்கா வடக்கா என்று திசைகூடத் தெரியாமல் காவேரி இருக்கும் பக்கம் என்று நினைத்து ஒரு பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்புறம் எழுந்தார். கூடையிலிருந்து சோற்றுத் தூக்குப்போசியை எடுத்தார். வராந்தாவைக் கடந்து நேராக என் முன்னால் வந்து நின்று, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். கல்யாணமாகி அதுவரைக்கும் அவர் என்னோடு நேராகப் பேசினதில்லை.

"சாப்புடுங்க மாப்ள. அவ கோவிச்சுக்கலை. நாம ரெண்டு பேரும் இனி ரெண்டு வேளை திங்கலாம்."

புளிச்சோறு. ஆஸ்பத்திரி வராந்தாவில், குழாயில் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நான் ஒரு பக்கம் அவர் ஒரு பக்கமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். பூ விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நானும் கேட்கவில்லை.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒருநாள் தண்ணீர்ப் பெட்டியோடு அங்கே இறங்கினேன். ஆடு குட்டி போட்டிருந்தது. மாமியார் கதவு மறைவிலிருந்து பேசினார்.

"ஏ ஆடு, மாப்ள வந்திருக்காரு. பேத்தி நல்லாருக்குதான்னு கேளு. தண்ணியைக் காய்ச்சித்தான் குடுக்கறாங்களான்னும் கேளு."